பஞ்சிங் பேக்கில் ஒரு மணி நேரம்: எரிவது 430 கலோரியா, 720 கலோரியா, 1000 கலோரியா?

சங்குமணி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34, உயரம் 172 சென்டிமீட்டர், இன்று காலை எடை 78 கிலோ. வடசென்னையில் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு குத்துச்சண்டைக் கூடத்துக்கு இரண்டு மாதங்களாக வாரத்தில் நான்கு நாள் போய் வருகிறேன். போட்டிக்குப் போகும் எண்ணம் எதுவும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவன் என்பதால் தொப்பையைக் குறைக்கலாம் என்றுதான் சேர்ந்தேன்.

ஒரு மணி நேரம் இப்படிக் கழிகிறது. கைகளில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு உடம்பை வளைத்து நிமிர்த்துவதற்கே பத்து நிமிடம் போய்விடும். பிறகு இரண்டிரண்டு நிமிடமாக மூன்று முறை ஸ்கிப்பிங். கண்ணாடி முன் நின்று காற்றில் குத்துவது எட்டு நிமிடம். அதன் பிறகு பஞ்சிங் பேக்கில் மூன்று நிமிடச் சுற்றுகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மீதி நேரம் தண்ணீர் குடிப்பதிலும் மூச்சு வாங்குவதிலும் கழியும்.

என் குழப்பம் எண்களில்தான். கூடத்துச் சுவரில் 'ஒரு மணி நேரத்தில் 1000 கலோரி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் எடையைக் கொடுத்துக் கணக்கிட்டால் ஒரு தளம் 429 என்கிறது, இன்னொரு தளம் 998 என்கிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச், சராசரி இதயத்துடிப்பு 132 என்று காட்டி, 720 கலோரி எரிந்ததாகச் சொல்கிறது. மூன்றில் நடுவில் இருக்கிறதே என்று நான் வாட்ச்சை நம்பினேன். எரிந்த 720-ஐ அன்றைக்கே சாப்பிட்டு ஈடுகட்டினால் எடை ஏறாது, உடம்பு மட்டும் இறுகும் என்று கணக்குப் போட்டு, பயிற்சி முடிந்து வரும் வழியில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும், ஒரு ரோஸ்மில்க்கும் வழக்கமாகிவிட்டன. இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறேன். கூடத்தில் கேட்டால் தசை ஏறியிருக்கிறது என்கிறார்கள். வீட்டில் என் மனைவி, கணக்கு தப்பு என்கிறார். உண்மையில் எத்தனை கலோரி எரிகிறது என்பதைச் சுமாராகவாவது அறிய வழி உண்டா?


மூச்சுக்கணக்கு:

வணக்கம். உடற்பயிற்சி உடலியங்கியல் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த எண்களில் இரண்டு எங்கிருந்து வந்தன என்பதை உங்கள் எடையை வைத்தே சொல்லிவிடலாம்.

நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. ஒருவர் எவ்வளவு எரிக்கிறார் என்பதை ஆய்வகத்தில் அளக்க, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி ஒன்றை மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கிலோகலோரி எரிந்திருக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்று வைத்துக்கொண்டு, அதை 1 மெட் என்கிறார்கள். அது கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோகலோரி. ஆகவே ஒரு வேலைக்கு எத்தனை மெட் என்று தெரிந்தால், அதை உங்கள் எடையாலும் மணிக்கணக்காலும் பெருக்கினால் போதும்.

அமெரிக்காவில் பார்பரா ஐன்ஸ்வர்த்தும் அவருடன் சேர்ந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட பட்டியல் ஒன்று, நூற்றுக்கணக்கான உடல் வேலைகளுக்கு இந்த மெட் எண்களைத் தருகிறது. 2000-லும் 2011-லும் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். 2011 பட்டியலில் பஞ்சிங் பேக் குத்துவதற்கு 5.5, ஜோடி சேர்ந்து செய்யும் ஸ்பாரிங்குக்கு 7.8, ரிங்கில் இறங்கி மோதுவதற்கு 12.8. இப்போது பெருக்கிப் பாருங்கள். 5.5-ஐ 78-ஆல் பெருக்கினால் 429. 12.8-ஐ 78-ஆல் பெருக்கினால் 998. உங்களுக்கு 998 சொன்ன தளம், பேக்குக்கு உரிய எண்ணை விட்டு ரிங்குக்கு உரிய எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறது. சுவரில் இருக்கும் 1000-மும் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும். உலகப் பட்டத்துக்கான தொழில்முறைச் சண்டையே 12 சுற்று, 36 நிமிடம். அதன் வேகத்தில் ஒரு மணி நேரம் பேக் குத்துகிறோம் என்று நினைப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் புகழ்மாலை.

அதற்காக 5.5 என்ற எண் கல்வெட்டு என்றும் சொல்ல மாட்டேன். எத்தனை வேகமாகக் குத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது வெகுவாக மாறும். கனடாவின் மான்ட்ரியாலில் அனுபவமுள்ள குத்துச்சண்டை வீரர்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே அளந்தது. பேக்கில் நிமிடத்துக்கு 60 குத்து விட்டபோது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு சுமார் 25 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவானது. 120 குத்துக்கு சுமார் 30. 180 குத்துக்கு சுமார் 38. பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் குத்தியபோது 41, ஸ்பாரிங்கில் 43. மெட்டாக மாற்றினால் பேக்குக்கு 7 முதல் 11 வரை வரும். குத்துகளை மும்மடங்காக்கியும் செலவு மும்மடங்காகவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகம் கூடக்கூட ஒவ்வொரு குத்தும் சிறுத்து, இடுப்பும் காலும் பங்கெடுப்பது குறைகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் ஒரு மணி நேரத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்போம். துணிப்பட்டையும் வளைந்து நிமிர்தலும் பத்து நிமிடம், 2.3 மெட், 30 கிலோகலோரி. ஸ்கிப்பிங் ஆறு நிமிடம், மெதுவான வேகத்துக்கு 8.8 மெட், 69. காற்றில் குத்துவது எட்டு நிமிடத்துக்கு 5.5 என்று வைத்தால் 57. பேக்கில் 24 நிமிடம், வினாடிக்கு ஒரு குத்து என்று தாராளமாக எடுத்து 7 மெட் போட்டால் 218. மீதி 12 நிமிடம் ஓய்வு. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஓய்வு என்பதால் 3 மெட் போடுகிறேன், 47. கூட்டினால் 421. சுற்றி வந்து அந்த 429-க்கு அருகிலேயே நிற்கிறோம்.

இனி ஒரு கழித்தல் பாக்கியிருக்கிறது, பலரும் மறப்பது இதைத்தான். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 78 கிலோகலோரி எரிந்திருக்கும். பயிற்சியால் கூடுதலாக எரிந்தது எவ்வளவு என்று கேட்டால் அதைக் கழித்தாக வேண்டும். மிச்சம் சுமார் 340. அதுவும்கூட 3.5 மில்லிலிட்டர் என்ற அடிப்படை எல்லோருக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில் நிற்பது. ஆஸ்திரேலியாவில் 769 பேரை அளந்து 2005-ல் வெளியான ஆய்வில், ஓய்வு நிலையின் சராசரி 2.6 மில்லிலிட்டராகத்தான் இருந்தது. ஆகவே என் 340-ஐயும் மேலே கீழே ஐந்தில் ஒரு பங்கு தள்ளாடக்கூடிய எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் இரவெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எரிவது உண்மைதான். அளந்து பார்த்த ஆய்வுகளின்படி அது பயிற்சிக்கு ஆன செலவில் 6 முதல் 15 விழுக்காடு. உங்கள் விஷயத்தில் 20 முதல் 50 கிலோகலோரி, அதாவது அரை வாழைப்பழம்.


பச்சைவிளக்கு:

மூச்சுக்கணக்கு அவர்கள் வாட்ச்சைத் தொடாமல் விட்டதால் அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். சென்சார்களோடு பிழைப்பு நடத்துபவன் நான்.

வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைத் துடிப்பாக எண்ணுகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் ஓரளவு நன்றாகவே எண்ணும். குத்துச்சண்டையில் முஷ்டியை இறுக்கி மூடுகிறோம், மணிக்கட்டில் துணிப்பட்டை அழுத்துகிறது, ஒவ்வொரு குத்திலும் கை சட்டென்று நின்று அதிர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தச் சென்சாருக்கு அமைதி ஏது? தோலின் நிறம் அடர்ந்திருந்தாலும் பிழை கூடுகிறது என்பதை 2017-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பதிவு செய்தது. நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அது. அதே ஆய்வில் 60 பேருக்கு ஏழு கருவிகளை மாட்டிப் பார்த்தார்கள். ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காடு பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில்தான் எல்லாமே சறுக்கின: இருப்பவற்றில் நல்லதே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மோசமானது 93 விழுக்காடு. அங்கே நடந்ததும் ஓடியதும் சைக்கிள் மிதித்ததும்தான் சோதனை. குத்துச்சண்டை அதில் இல்லவே இல்லை.

துடிப்பைச் சரியாகவே எண்ணினாலும் அதைக் கலோரியாக மாற்றும் இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வாட்ச் எந்தச் சூத்திரத்தை வைத்திருக்கிறது என்பதை அதைச் செய்தவர்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் 2005-ல் வெளியாகி எல்லோரும் எடுத்தாளும் ஒரு சூத்திரத்தில் ஆண், வயது 34, எடை 78, துடிப்பு 132 என்று போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 725 வருகிறது. உங்கள் 720-க்கு எத்தனை அருகில் என்று பாருங்கள். அந்தச் சூத்திரம் ஓடும் எந்திரத்திலும் சைக்கிளிலும் சீரான வேகத்தில் பயிற்சி செய்த 115 பேரின் அளவுகளிலிருந்து பிறந்தது. அவை கால் உழைக்கும் பயிற்சிகள். ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவழிக்கும்போது, கால்களால் செய்தால் ஒரு துடிப்பு, கைகளால் செய்தால் அதைவிடக் கூடுதலான துடிப்பு என்பது உடலியங்கியலில் பழைய பாடம். கையால் குத்தும் பயிற்சிக்குக் காலால் ஓடும் பயிற்சியின் சூத்திரத்தைப் போட்டால் விடை வீங்காமல் என்ன செய்யும்?

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. தகரக் கூரைக்கு அடியில், புழுக்கத்தில் பயிற்சி செய்யும்போது, உடம்பைக் குளிர்விப்பதற்காக ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையால் ரத்தத்தின் நீர் குறைகிறது, இதயம் அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கிறது. வேலை கூடவில்லை, துடிப்பு மட்டும் கூடுகிறது. மேற்சொன்ன சூத்திரத்தில் சராசரித் துடிப்பு 10 கூடினால் ஒரு மணி நேரத்துக்கு 90 கிலோகலோரி காகிதத்தில் கூடிவிடும். மின்விசிறி ஓடாத ஒரு நாளையும் ஓடும் ஒரு நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. கையுறைக்குள் வாட்ச் கட்டிக்கொண்டு குத்துபவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கண்ணாடி உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும், மணிக்கட்டு எலும்பில் அது பதிந்தால் வலி வாரக்கணக்கில் போகாது. துடிப்பு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மார்பில் கட்டும் பட்டை இருக்கிறது. அது இதயத்தின் மின்னோட்டத்தை நேரடியாக எடுப்பதால் அதிர்வுக்கு அவ்வளவாகத் தடுமாறாது. ஆனால் துடிப்பைத்தான் அது திருத்தும், சூத்திரத்தைத் திருத்தாது.


பழைய கையுறை:

படித்தவர்கள் இருவர் சொன்ன பிறகு, நாற்பது வருடமாகப் பேக்கின் மறுபக்கத்தில் நின்று பார்ப்பவன் என்ற முறையில் சில வரிகள்.

தம்பி, நீங்கள் 24 நிமிடம் பேக் குத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மணி அடிப்பதற்கும் அடுத்த மணிக்கும் நடுவில் 24 நிமிடம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அத்தனை நேரமும் குத்தினீர்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக வருபவர்களை நான் பார்க்கிறேன். மணி அடித்ததும் இருபது வினாடி மழை மாதிரி பொழிவார்கள். பிறகு பேக் ஊசலாடும், அது நிற்கட்டும் என்று இவர்கள் காத்திருப்பார்கள். அதைப் பிடித்து நிறுத்துவார்கள். நான்காம் சுற்றில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்துச் சரிசெய்வார்கள். கடைசிப் பத்து வினாடியில் மறுபடி மழை. எந்தச் சூத்திரமும் இதைப் பார்ப்பதில்லை. போனை ஒரு மூலையில் வைத்துப் படமெடுத்து, எத்தனை குத்து என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

எண்ணிக்கை மட்டும் போதாது, குத்து எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கிராஸ், அதாவது பின்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து, பின்காலின் குதிகால் திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பிக் கடைசியில் முஷ்டிக்கு வருவது. முழங்கையிலிருந்து மட்டும் தட்டுபவர், நூறு குத்து விட்டாலும் கை வலிப்பதைத் தவிர உடம்பு சூடேறுவதில்லை. உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை அசையாமல் பெரிய செலவு எங்கிருந்து வரும்? சிலர் குத்தாமல் பேக்கைத் தள்ளுவார்கள். அது நீளமாக ஊசலாடும், பார்க்கப் பலசாலி மாதிரி தெரியும். சரியாக விழுந்த குத்தில் பேக் அதிகம் நகராது, நடுவில் மடிந்து குலுங்கும், சத்தமும் வேறு மாதிரி இருக்கும்.

பேக்கையும் பாருங்கள். துணிக்கழிவு அடைத்த பேக் நாளாக ஆக அடியில் இறுகிக் கல்லாகிவிடும், மேலே தொளதொளவென்று ஆகிவிடும். அடியில் குத்திய கை, எரிச்சல் தாங்காமல் அடுத்த குத்தைத் தானாகவே மெதுவாக்கும். உங்கள் எடையில் பாதியளவு எடையுள்ள பேக் போதும் என்பது கூடங்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு 40 கிலோ சரியாக இருக்கும். மிக லேசான பேக்கில் பாதி நேரம் அது திரும்பி வருவதற்குக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, ஒரு கிலோ போயிற்று என்று குதிப்பார்கள். போனது தண்ணீர், இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். எடைப் பிரிவுக்குள் இறங்குவதற்காகச் சிலர் பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பேக் குத்துவார்கள். என் கூடத்தில் அதற்கு அனுமதி கிடையாது. 1997-ன் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடை குறைக்க இப்படி வியர்க்க வைத்துக்கொண்டு அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அங்கே விதிகளையே மாற்றினார்கள். தொப்பை குறைக்க வந்த உங்களுக்கு அந்த ஜாக்கெட்டை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.


சங்குமணி:

மூவருக்கும் நன்றி. பழைய கையுறை ஐயா சொன்னபடி நேற்றுப் படமெடுத்து, இரவு உட்கார்ந்து மெதுவான வேகத்தில் ஓடவிட்டு இரண்டு தடவை எண்ணினேன். வெட்கமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் சுற்றில் 168 குத்து. பிறகு வரிசையாக 155, 142, 131, 124, 118, 110. கடைசிச் சுற்றில் 92. மொத்தம் 1040, நிமிடத்துக்கு 43. வினாடிக்கு ஒரு குத்து என்று மூச்சுக்கணக்கு அவர்கள் தாராளமாக எடுத்துக்கொண்டதைக்கூட நான் எட்டவில்லை. ஆறாம் சுற்றில் தொடர்ந்து பதினான்கு வினாடி பேக்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்படி நின்றது எனக்கு நினைவிலேயே இல்லை. வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்தது.

பச்சைவிளக்கு அவர்கள் சொன்ன சோதனை தற்செயலாக நடந்துவிட்டது. நேற்று மின்சாரம் போய்விட்டதால் மின்விசிறி ஓடவில்லை. சராசரித் துடிப்பு 141, வாட்ச் சொன்னது 805. இன்று விசிறி ஓடியது, வேண்டுமென்றே கொஞ்சம் முயன்று குத்தினேன், எண்ணிக்கை 1102. துடிப்பு 131, வாட்ச் சொன்னது 715. அதிகம் குத்திய நாளில் 90 கலோரி குறைவாம். இரண்டு நாளும் வாட்ச்சைக் கையுறைக்கு மேலே, முழங்கைக்குக் கீழே தள்ளிக் கட்டியிருந்தேன். இனி அதையும் கழற்றிவிடுகிறேன்.

நிமிடத்துக்கு 43 என்றால் நான் எந்த மெட் எண்ணைப் போட வேண்டும்?


மூச்சுக்கணக்கு:

60 குத்துக்கு 7 மெட், பட்டியலின் பொதுவான எண் 5.5. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். 6 போடுங்கள். பேக்குக்கு 218 என்றிருந்தது 187 ஆகும், மொத்தம் 390, உட்கார்ந்திருந்தாலும் எரியும் 78-ஐக் கழித்தால் 312. நான் முன்பு சொன்ன 340-ஐயும் இதையும் சேர்த்து, 300-லிருந்து 350 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கலோரி, பத்து கலோரி என்று இதற்குமேல் செதுக்குவது வீண் வேலை. முகமூடி மாட்டி அளக்காதவரை யாராலும் அத்தனை துல்லியமாகச் சொல்ல முடியாது.


தறிக்காரர் மகள்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 29, எடை 54 கிலோ. திருப்பூரில் பெண்களுக்கான 40 நிமிட வகுப்பு ஒன்றுக்குப் போகிறேன். சுற்று இரண்டு நிமிடம், பேக் குத்துவதும் தரைப் பயிற்சிகளும் மாறி மாறி வரும். சராசரித் துடிப்பு 145, வாட்ச் 380 கலோரி சொல்கிறது. பெண்களுக்கும் இதே கணக்குத்தானா, இல்லை வேறா?


மூச்சுக்கணக்கு:

மெட் கணக்கு உங்களுக்கும் அதேதான், எடை மட்டும் மாறும். 5.5-ஐ 54-ஆல் பெருக்கி, 40 நிமிடத்துக்கு எடுத்தால் 198. உட்கார்ந்திருந்தாலும் எரியும் 36-ஐக் கழித்தால் 162. வகுப்பு கடுமையானதாக இருந்தால் 200-ஐத் தொடலாம். 380 வராது.

அந்த 380-ம் பச்சைவிளக்கு அவர்கள் குறிப்பிட்ட 2005 சூத்திரத்தின் பெண்களுக்கான வடிவத்தில் உங்கள் எண்களைப் போட்டால் அப்படியே வருகிறது. அந்த வடிவத்தில் ஒரு விசித்திரம் உண்டு. துடிப்பு மாறாமல் எடை மட்டும் கூடினால், எரியும் கலோரி குறைகிறது என்று அது சொல்லும். அந்தக் குழுவில் அளந்த பெண்களிடம் எண்கள் அப்படி அமைந்துவிட்டன. அதை இயற்கையின் விதியாக எடுத்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். எடை குறைவானவர்களுக்கு இந்தப் பிசகு இன்னும் பெரிய ஆபத்து, ஏனென்றால் உங்களுடைய ஒரு நாள் தேவையே குறைவு. அதில் இல்லாத 200 கலோரியை இருப்பதாக நம்பிச் சாப்பிட்டால் அது பெரிய பங்கு.


பச்சைவிளக்கு:

சங்குமணி அவர்களே, உங்கள் மனைவி சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். வாட்ச் சொன்னது 720, உண்மையில் கூடுதலாக எரிந்தது 330 என்று நடுவில் வைப்போம். வித்தியாசம் 390. வாரம் நான்கு நாள், எட்டு வாரம், 32 பயிற்சி. 390-ஐ 32-ஆல் பெருக்கினால் 12,480. உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கிலோகலோரி என்பது வழக்கமான தோராயம். வகுத்தால் 1.6 கிலோ. நீங்கள் ஏறியது ஒன்றரை. இத்தனை அருகில் விழுந்ததில் தற்செயலும் கொஞ்சம் இருக்கும், ஏனென்றால் புதிதாகப் பயிற்சி தொடங்குபவரின் தசைகள் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாப்பாட்டைத் தராசில் நிறுத்தவும் நீங்கள் இல்லை. ஆனாலும் தசை ஏறியிருக்கிறது என்ற ஆறுதலைவிட வீட்டில் சொன்ன தீர்ப்புக்கே நான் கையெழுத்துப் போடுவேன்.

சாப்பாட்டை மாற்ற நினைத்தால், பயிற்சி நாள், ஓய்வு நாள் என்று பிரிக்காமல் எல்லா நாளும் ஒரே அளவாகச் சாப்பிட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் அந்தச் சராசரி எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். பேக்கில் எத்தனை எரிந்தது என்ற கேள்வியைக் கேட்காமலேயே அதன் விடை கிடைக்கும் வழி அது.


சங்குமணி:

இந்தக் கடைசிக் கணக்கை வீட்டில் காட்டினேன். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். ரோஸ்மில்க்கை நிறுத்தியாகிவிட்டது. பரோட்டாவை வாரத்துக்கு ஒரு நாள் என்று பேசி முடித்திருக்கிறோம். திங்கட்கிழமையிலிருந்து எடையை எழுதத் தொடங்குகிறேன். ஐயா, எட்டாம் சுற்றில் 92 என்பதை ஏற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும்? அந்த வீடியோவைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.


பழைய கையுறை:

பார்த்தேன் தம்பி. 92-ஐ ஏற்றுவது இருக்கட்டும், முதல் சுற்றின் 168-ஐ இறக்குங்கள். முதல் நிமிடத்திலேயே மூச்சைக் கொட்டிவிட்டு மீதி ஏழு சுற்றையும் கடனில் ஓட்டுகிறீர்கள். திங்கட்கிழமை எட்டுச் சுற்று வேண்டாம், ஆறு போதும். ஒவ்வொரு சுற்றிலும் நிமிடத்துக்கு 45 குத்து, அதில் பாதி ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் சட்டென்று நேராக விடும் குத்து. குத்தி முடித்ததும் கை கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். நான்காம் சுற்றிலிருந்து உங்கள் இடது கை இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. பின்காலின் குதிகாலும் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தூக்கித் திருப்புங்கள். பேக் ஊசலாடினால் பிடித்து நிறுத்தாமல் அதைச் சுற்றி நகருங்கள், திரும்பி வரும்போது ஜாபால் நிறுத்துங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு ஆறாம் சுற்றை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள்.